மிளகாய்க் கிடங்கின் சாவி

மிளகாய் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பதினைந்து வருஷமாக மிளகு ரசமும் மோரும்தான். ஆகையால் நீங்கள் வாங்கிக் கொடுத்த இட்டலியில் சட்னியை மட்டும் இலையோரம் ஒதுக்கி வைத்திருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிளகாய் தின்ன முடியாத ஒருவனைத் தேடிப் பிடித்து மிளகாய் மூட்டைகளுக்குக் காவல் வைத்த பாங்கியின் புத்திசாலித்தனத்தை நான் எப்போதும் மெச்சுவதுண்டு.

எங்கள் பாங்கிக் கிளையை நடத்தும் ஏஜெண்டு உங்களுக்கு எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினீர்கள். ‘குடோன் கீப்பர் வேதமாணிக்கம் தமது அலட்சியத்தால், உள்ளே ஆள் இருப்பதைக் கவனியாமல் கதவைப் பூட்டிவிட்டார்.’ நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் கொஞ்ச காலத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நீங்களும் ஜாடையாகச் சொன்னீர்கள். இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் அந்த ஒரு சொல்லை நான் ஏற்பதற்கில்லை. இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அலட்சியம் என்ற சொல் என் பேரோடு சேர்ந்ததில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷத்தில்கூட, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் நான் கிடங்கை விட்டு நகர்ந்ததில்லை.

ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ரைட்டரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இறந்துபோன தவசிமுத்து சாத்தூர்ப் பக்கத்து மனிதர். ஊரிலிருந்து வற்றல் மிளகாய் தருவித்து ராயபுரத்தில் மொத்த வியாபாரம். வற்றலாக விற்பதைவிடப் பொடியாக அரைத்து விற்றால் நாலு காசு அதிகம் நிற்கும் என்று அவருக்குத் தோன்றியது. திருவொற்றியூரில் தகரக் கொட்டகை போட்டார், ஒரு பழைய மிஷின் வாங்கினார், எட்டுப் பேரை வேலைக்கு வைத்தார். இதற்கெல்லாம் பணம் எப்படிப் புரண்டது என்று கேட்டால், எல்லாச் சிறு முதலாளிக்கும் புரளுகிற மாதிரிதான். முதலில் மனைவியின் காது. பாம்படம் போயிற்று. பிறகு ஊர்க்காரர்கள் நடத்தும் ஏலச்சீட்டு. ஆயிரம் ரூபாய்ச் சீட்டை அறுநூற்றுக்குத் தள்ளி எடுத்தார். பிறகு யானைக்கவுனி சேட்டு. முழுத் தொகைக்கும் உண்டிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு, மீதியைச் சிரித்த முகத்தோடு எண்ணிக் கொடுப்பார். கடைசியில் பாங்கி. பாங்கி சிரிப்பதில்லை. அதனால்தான் அதற்குக் கௌரவம் அதிகம்.

எங்கள் ஏஜெண்டு வர்த்தகர் கூட்டங்களில் ஜரிகைத் தலைப்பாகையோடு ஏறி, சிறு தொழிலே சுதந்திர பாரதத்தின் முதுகெலும்பு என்று முக்கால் மணி நேரம் பேசுவார். அந்த முதுகெலும்பு மறுநாள் பாங்கிக்கு வந்தால் உட்கார நாற்காலி கிடையாது. தவசிமுத்து பதினோரு நாள் நின்றார். மிஷினின் பேரில் கடன் கேட்டார். ஓடுகிற மிஷின் தேய்ந்துபோகும், தேய்கிற பொருளை ஈடாக எடுப்பதில்லை என்றார் ஏஜெண்டு.

“அப்ப ஓடாம நிறுத்தி வச்சிருதேன், குடுப்பியளா?” என்று கேட்டாராம் தவசிமுத்து.

ஓடாத மிஷினுக்கு மதிப்பே இல்லை என்று பதில் வந்தது.

கடைசியாக மிளகாயின் பேரில் கிடைத்தது. சாவிக் கடன் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இருநூறு மூட்டை வற்றலைக் கிடங்கில் அட்டி போட்டு அடுக்கிவிட வேண்டியது. பாங்கி அதன் பெறுமானத்தில் ரூபாய்க்குப் பத்தணா கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்து, வாசலில் தன் பெயர்ப் பலகையை மாட்டிவிடும். சரக்கு அவருடையது. கிடங்கு வாடகை அவருடையது. காவல் காக்கும் என் சம்பளமும் மாசா மாசம் அவர் கணக்கில்தான் பற்று. பூட்டு மட்டும் பாங்கியுடையது. மூட்டை வேண்டுமானால் முதலில் பணம் கட்டி, அச்சடித்த மனுவில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மனு இல்லாமல் முத்திரையை உடைக்கக் கூடாது என்பது பதினாலாவது விதி. அந்த மனுப் படிவம் முன்பெல்லாம் இங்கிலீஷில் மட்டுமே இருந்தது. சின்ன வியாபாரிகள் தவிக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு மூன்று தரம் எழுதித் தமிழிலும் அச்சடிக்க வைத்தவன் நான். அதற்காக யாரும் எனக்கு மாலை போடவில்லை.

கடன் வாங்கிய பதினைந்தாம் நாள் தவசிமுத்து என் அறைக்கு வந்தார். கிடங்கு வளாகத்தில் கேட்டை ஒட்டி ஓர் அறை உண்டு. மனைவி போன பிறகு நான் அங்கேதான் வாசம்.

“கீப்பரய்யா, எம் மொளகாய உள்ள வச்சுப் பூட்டிட்டீக. மிஷினுக்கு எதப் போட்டு அரைக்க? ரசீதையா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மிளகாய் வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். பணம் வேண்டுமானால் பொடி விற்க வேண்டும். பொடி வேண்டுமானால் மிளகாய் வேண்டும். கொடுத்த கடனும் சேட்டின் உண்டியை மீட்பதற்கே சரியாகப் போயிருந்தது. எட்டுப் பேர் கொட்டகையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. வழி சொன்னதே நான்தான். அட்டியின் வெளிச்சுவரைத் தொடாமல், நடுவிலிருந்து மூட்டைகளை எடுப்பது. மேலே பலகை பரப்பி அதன்மேல் ஒரு வரிசை மூட்டை. வெளியிலிருந்து யார் பார்த்தாலும் இருநூறு. உள்ளே கிணறு. அரைத்து விற்றதும் ஊரிலிருந்து புது வற்றல் வாங்கிக் கிணற்றை நிரப்பிவிடுவார். மூட்டைக்கு ஒரு ரூபாய் எனக்கு மரியாதை செய்தார். நான் கேட்கவில்லை, மறுக்கவுமில்லை. பாங்கியிடமிருந்து பார்வையிட வரும் குமாஸ்தா குத்தூசியால் வெளி மூட்டையில் இரண்டு குத்து குத்திப் பார்த்துவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படித்தான் மிஷின் ஓடிற்று. எட்டுப் பேர் சாப்பிட்டார்கள். பாங்கிக்கு வட்டி தவறாமல் வந்தது. நீங்கள் இதை மோசடி என்று எழுதிக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் ஒரு மூட்டையும் அங்கிருந்து போனதில்லை. அதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அட்டி போடும் கூலியாட்களின் மேஸ்திரி அப்பாவு, வியாசர்பாடிக்காரன். அவனுக்கும் விஷயம் தெரியும். “இன்னா சார் இது, அட்டி போடச் சொல்லி இட்டாந்து வூடு கட்டச் சொல்றீங்க. வாடகைக்கு வுட்டீங்கன்னா நானே பொஞ்சாதியோட குடி வந்துடுவேன்” என்பான். அவனை ஒன்றும் செய்ய வேண்டாம். அவன் கூலிக்கு மேல் ஒரு தம்படி வாங்கியதில்லை.

இந்த வருஷம் மே மாசத்தில் மிளகாய் விலை ஏறிவிட்டது. பழைய விலைக்குப் பொடி விற்ற பணத்தில் புது விலைக்கு வற்றல் வாங்க முடியவில்லை. கிணற்றில் எண்பது மூட்டை பாக்கி. அந்தச் சமயத்தில் தலைமை ஆபீசிலிருந்து புதிதாக ஓர் ஆபீசர் வருவதாகத் தகவல். இளநீர் குடிக்காதவராம். அட்டியை அவிழ்த்து ஒவ்வொரு மூட்டையாக எண்ணுகிறவராம். ஜூலை இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி.

ஆகஸ்டு முடிவில் எனக்கு ஓய்வு. அன்றைக்கு ஏஜெண்டு கையால் சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுப்பதாக ஏற்பாடு. அதன் அடியில் பித்தளைத் தகட்டில் ‘இருபத்திரண்டு ஆண்டுகள், அப்பழுக்கற்ற சேவை’ என்று வெட்டக் கொடுத்தாகிவிட்டது என்று ஆபீஸ் பையன் சொல்லியிருந்தான். தகட்டுக்காக நான் எதுவும் செய்யவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஜூன் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை பிற்பகல், தவசிமுத்து எங்கேயோ புரட்டி நாற்பது மூட்டை கொண்டுவந்தார். அப்பாவுவின் ஆட்கள் இறக்கி அடுக்கினார்கள். இன்னும் நாற்பது குறைந்தது. வண்டிகள் போன பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நிம்மதியாக இருக்கிற மனிதர் போல இருந்தார். எனக்கு அதுவே சரியாகப் படவில்லை.

“கீப்பரய்யா, இந்தக் கண்ணாமூச்சி போதும். திங்கக்கெழம ஆபீசர் வாரதுக்கு முந்தி நானே போயி ஏஜெண்டுகிட்டச் சொல்லிருதேன். நாப்பது மூடை கொறையுது, மூணு மாசத்துல அடைச்சிருதேன், மிஷின வேணா எழுதி வாங்கிக்கிடுங்கன்னு.”

“என் கதி?” என்றேன்.

“ஒங்க பேரே வராது, அய்யா. எல்லாம் நான் செஞ்சதுன்னு சொல்லிருதேன்.”

என் பேர் வராதாம். சாவி யார் கையில் இருந்தது என்று ஏஜெண்டு கேட்கமாட்டாரா? எனக்குத் தெரியாமல் நாற்பது மூட்டை போயிற்று என்றால் நான் அலட்சியக்காரன். தெரிந்து போயிற்று என்றால் திருடன். தவசிமுத்து நல்லவர். நல்லவர்கள் இந்த மாதிரி விஷயங்களை முழுக்க யோசிப்பதில்லை.

யோசித்துப் பாருங்கள் என்று ஒரு தரம் சொன்னேன். யோசித்தாகிவிட்டது என்றார். பிறகு, “பலகையெல்லாம் சரியா முட்டுக் குடுத்திருக்கான்னு ஒரு எட்டு பாத்திட்டு வந்திருதேன். ஆபீசர் தலையில அட்டி சரிஞ்சிறக் கூடாதுல்லா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கிணற்றுக்குள் இறங்கினார். இருமிக்கொண்டே இறங்கினார். மிளகாய் நெடியில் பல காலம் நின்றவர்களுக்கு வரும் மூச்சிரைப்பு அவருக்கு உண்டு.

கிடங்கு பூட்டும் நேரம் ஐந்தரை. என் கடிகாரத்தில் ஐந்தரை ஆகியிருந்தது. கதவைச் சாத்தினேன். பூட்டினேன். மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். அரக்கை உருக்கி முத்திரை வைத்து, அது காயும்வரை நின்றேன்.

முதலில் சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார். “கீப்பரய்யா, நான் உள்ள கெடக்கேன்.” நான் அறைக்குப் போய்க் கிடங்கு டயரியில் ‘5.30. பூட்டி முத்திரையிடப்பட்டது’ என்று எழுதினேன். மறுநாள் சனிக்கிழமை, ஜூன் முப்பது, அரையாண்டுக் கணக்கு முடிக்கும் நாள், பாங்கி விடுமுறை. அதற்கடுத்து ஞாயிறு. எங்கள் கிடங்குக்கு ஒரு பக்கம் ரயில் சைடிங், மறு பக்கம் துறைமுகத்துக் கரி மேடு. கூட்ஸ் வண்டியைக் கோக்கும் சத்தத்தில் அங்கே பகலில் இரண்டு பேர் பேசிக்கொள்வதே கஷ்டம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவருகில் போய் நின்றேன். அவர் குரல் கம்மியிருந்தது.

“என்ன செஞ்சாத் தொறப்பீக? சொல்லுங்க. ஏஜெண்டுகிட்டப் போகல. எங்கயும் போகல. எம் பிள்ளைக மேல சத்தியம்.”

அவரை நம்பவில்லை என்று சொல்லமாட்டேன். நம்பினேன். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க உள்ளே இருந்தவரை வெளியே விட்டால் அதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டி வரும். முத்திரை வைத்தாகிவிட்டது, மனு இல்லாமல் உடைக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். “அப்ப மனுவக் குடுங்க” என்றார். படிவத்தையும் ஒரு பென்சிலையும் கதவின் அடியில் தள்ளினேன். தகரக் கூரையின் இடுக்கு வெளிச்சத்தில் எழுதியிருக்க வேண்டும், வெகு நேரம் ஆயிற்று. திரும்பி வந்த காகிதம் உங்கள் மேஜைமேல் இருக்கிறது. வெளியே எடுக்க வேண்டிய சரக்கு என்ற இடத்தில் ‘ஆள்’ என்று எழுதியிருக்கிறார். எண்ணிக்கை என்ற இடத்தில் ‘ஒன்று.’ காரணம் என்ற இடத்தில் ‘தண்ணீர்.’

நான் அதற்கு வரிசை எண் போட்டு, ‘இன்று பாங்கி விடுமுறை. திங்கட்கிழமை பரிசீலிக்கப்படும்’ என்று சிவப்பு மையில் குறிப்பு எழுதி, அதைக் கதவருகில் நின்று வாசித்தும் காட்டினேன். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று நான் நிதானிக்கவில்லை. பிறகு அந்த மனுவைக் கோப்பில் கோத்தேன். மறைக்க நினைக்கிறவன் வரிசை எண் போடுவானா, ஐயா? அந்தக் கோப்பிலிருந்துதானே நீங்கள் அதை எடுத்தீர்கள்?

மத்தியானம் அவர் மனைவி சீனியம்மாள் வந்தாள். தூக்குச்சட்டியில் சோறு. பாம்படம் தொங்கிய காது வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, எங்க வீட்டு ஆளப் பாத்தியளா? ராத்திரி வரல.”

“நேற்றே போய்விட்டாரே. மீஞ்சூரில் யாரோ பணம் தருவதாகச் சொன்னார்.”

“மீஞ்சூருல யாரு இருக்கா?” என்று யோசித்தாள். அப்போது கதவில் தட்டும் சத்தம். குரல் இல்லை, வெறும் தட்டு, உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி.

“உள்ள என்னமோ சத்தம் கேக்கே.”

“எலி.”

“மொளகாய்க்கு எலி வருமா, அண்ணாச்சி?”

மிளகாய் வியாபாரி பெண்டாட்டி. சரியாகத்தான் கேட்டாள். “கோணிக்கு வரும்” என்றேன். அவள் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாங்கியின் பலகையையும் சிவப்பு அரக்கையும் பார்த்தாள். பூட்டிய கதவு, பாங்கி முத்திரை. அதற்குமேல் சந்தேகப்பட அவளுக்குத் துணிவு வரவில்லை. கூட்ஸ் வண்டி ஒன்று இரைந்துகொண்டு போயிற்று. மீஞ்சூருக்கு ரெண்டு மணிக்கு வண்டி இருக்கிறது என்று நானே சொல்லி அனுப்பினேன். “இங்க வந்தாகன்னா இந்தச் சோத்தக் குடுத்திருங்க, அண்ணாச்சி. நேத்தும் சரியாச் சாப்பிடல” என்று தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

குழம்பு ஒரே காரம், வாயில் வைக்க முடியவில்லை. அடியில் இருந்த மோர்ச்சோற்றை மட்டும் சாப்பிட்டேன். வீணாக்கக் கூடாது என்பது என் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோவிலுக்குப் போனேன். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு தரம் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று மணி சுமாருக்கு உள்ளே மூட்டைகள் சரிகிற சத்தம். கூரை இடுக்குக்கு ஏறப் பார்த்திருப்பார். அதன் பிறகு ஒன்றுமில்லை. டயரியில் ‘கிடங்கு வழக்கம்போல்’ என்று எழுதினேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீசரும் ஏஜெண்டும் காரில் வந்து இறங்கினார்கள். ஏஜெண்டு முத்திரையைத் தொட்டுப் பார்த்து, “பாருங்கள் ஸார், ஒரு கீறல் கிடையாது. எங்கள் வேதமாணிக்கத்தின் வேலை” என்று ஆபீசரிடம் சொன்னார். ஆபீசர் உத்தரவின்பேரில் திறந்தேன். தவசிமுத்து கதவை ஒட்டியே குப்புறக் கிடந்தார். அட்டி சரிந்து கிணறு வாய் பிளந்து கிடந்தது. ஏஜெண்டு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனார். திரும்பி வந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, “நாற்பது குறையும் போலிருக்கிறதே” என்பதுதான். எண்ணிப் பார்த்தோம். நாற்பதுதான் குறைந்தது. ஏஜெண்டின் கண் நல்ல கண்.

அந்த நாற்பது மூட்டைக்காக மிஷினை ஜப்தி செய்யப் பாங்கி நோட்டீஸ் அனுப்பியிருப்பதாகக் கேள்வி. சீனியம்மாள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு பாங்கி வாசலில் நிற்கிறாளாம். அவளுக்கும் நாற்காலி கிடையாது. விடுமுறையில் நான் காவல் காத்த இரண்டு நாள் சம்பளமும் அவர் கணக்கில்தான் பற்று எழுதியிருப்பார்கள். அது விதி.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே ஆள் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பூட்டினேன். கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கவனியாமல் நடந்தது எதுவும் இல்லை.

முத்திரையை உடைத்து ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாமே என்று ரைட்டர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவரே அந்த மனுவை எடுத்துப் பாங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அட்டையில் தவசிமுத்து தன் பேருக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு இழுப்பார். மனுவில் கோடு இல்லை, எழுத்தெல்லாம் நடுங்கியிருக்கிறது, கடைசி எழுத்து பாதியில் நிற்கிறது. அவர் உயிரோடு இருந்திருந்தாலும் திங்கட்கிழமை அந்த மனுவை நான் திருப்பித்தான் தந்திருப்பேன். சனிக்கிழமை காலை அதை வாங்கிய மறு நிமிஷமே கையெழுத்து ஒத்துவரவில்லை என்பதைப் பார்த்துவிட்டேன். அதைப் பார்க்காமல் விட்டிருந்தால், அதற்குப் பேர்தான் அலட்சியம்.